இன்டெலிஜென்ஸ் கூடினால் பழைய லெவல்களுக்கும் ஸ்கில் பாயின்ட் உண்டா? டேபிள்டாப் விளையாட்டு விதிகள் சொல்வது என்ன?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரியான டேபிள்டாப் விளையாட்டுகளில் ஒரு கேரக்டரின் இன்டெலிஜென்ஸ் நடுவில் மாறுவது சகஜம். லெவல் ஏறும்போது ஒரு புள்ளி கூடும். மந்திரத் தலைப்பட்டை ஒன்று கிடைத்தால் சட்டென்று நான்கு புள்ளி ஏறும். எதிரி ஏவிய ஒரே மந்திரத்தில் மொத்தமும் சரிந்து 1-ல் வந்து நிற்கவும் செய்யும்.

அப்போதுதான் கேள்வி வருகிறது. அந்தக் கேரக்டருக்கு ஏற்கெனவே தெரிந்த திறமைகள் என்ன ஆகும்? புத்தி கூடினால், இத்தனை நாள் கற்காமல் விட்டதெல்லாம் சேர்ந்து வந்துவிடுமா? புத்தி குறைந்தால், கற்றது மறந்துபோகுமா?

கேட்பதற்குச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் வளர்த்த கேரக்டருக்கு பத்து ஸ்கில் பாயின்ட் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இந்தப் பதிலைப் பொறுத்ததுதான். விளையாட்டுக்கு விளையாட்டு, பதிப்புக்குப் பதிப்பு பதில் மாறுகிறது. காரணம், ‘புத்தி’ என்றால் என்ன என்பதிலேயே அவை ஒத்துப்போகவில்லை. விரிவாகப் பார்க்கலாம்.

இது என்ன விளையாட்டு?

ஒரு மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவர். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொள்வார்கள். கேரக்டரின் விவரம் முழுக்க ஒரு தாளில் இருக்கும். செய்ய நினைப்பது நடக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். நெட்ஃபிளிக்ஸில் 2016-ல் தொடங்கிய ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் சிறுவர்கள் விளையாடுவது இதைத்தான்.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் உருவாக்கி 1974-ல் வெளிவந்த விளையாட்டு இது. ஒவ்வொரு கேரக்டருக்கும் ஸ்ட்ரென்த், டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிட்யூஷன், இன்டெலிஜென்ஸ், விஸ்டம், கரிஸ்மா என்று ஆறு குணங்கள். மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டினால் வரும் எண், அதாவது 3 முதல் 18 வரை, ஒரு குணத்தின் அளவு. 10, 11 என்றால் சராசரி மனிதர்.

இதில் இன்டெலிஜென்ஸ் என்பது படிப்பு, நினைவாற்றல், தர்க்கம். விஸ்டம் என்பது உலக அனுபவம், கவனம், உள்ளுணர்வு. நூலகத்தில் எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று சொல்வது முதலாவது. எதிரே நிற்பவர் பொய் சொல்கிறார் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பது இரண்டாவது.

இன்டெலிஜென்ஸ் இரண்டு இடத்தில் வேலை செய்கிறது

குழப்பம் வருவதற்குக் காரணம், இந்த ஒரே எண் இரண்டு தனித்தனி வேலைகளைச் செய்வதுதான்.

ஒன்று, கேரக்டர் எத்தனை திறமைகளைக் கற்க முடியும், எவ்வளவு கற்க முடியும் என்ற அளவு.

இரண்டு, கற்றதைப் பயன்படுத்தும்போது பகடையோடு சேரும் போனஸ். இதற்கு மாடிஃபையர் என்று பெயர். கணக்கு எளிது. இன்டெலிஜென்ஸ் எண்ணில் 10-ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, மிச்சம் வந்தால் கீழ்ப்பக்கமாக முழு எண்ணாக்க வேண்டும். 10 என்றால் 0, 14 என்றால் +2, 18 என்றால் +4. எண் 8 என்றால் -1.

இரண்டாவது வேலையில் பெரிய சண்டை எதுவும் இல்லை. இன்டெலிஜென்ஸ் ஏறினால் அந்த நிமிடமே வரலாறு, மந்திர அறிவு போன்ற திறமைகளின் போனஸ் ஏறும். இறங்கினால் அந்த நிமிடமே இறங்கும். சண்டை எல்லாம் முதல் வேலையில்தான்.

ஆரம்பத்தில் மொழிகள் மட்டும்தான்

1974-ன் முதல் பதிப்பில் இன்று நமக்குத் தெரிகிற ஸ்கில் பட்டியலே கிடையாது. இன்டெலிஜென்ஸ் 10-க்கு மேல் போனால், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கூடுதல் மொழி பேசலாம். அவ்வளவுதான்.

1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் சமையல், குதிரையேற்றம், கப்பல் ஓட்டுவது போன்ற திறமைகள் ஒரு விருப்ப விதியாகச் சேர்ந்தன. இன்டெலிஜென்ஸ் தரும் கூடுதல் மொழிகளின் எண்ணிக்கையை அந்தத் திறமைகளுக்குச் செலவிடவும் டன்ஜன் மாஸ்டர் அனுமதிக்கலாம். இன்டெலிஜென்ஸ் 18 என்றால் அந்த எண்ணிக்கை 7. புத்திசாலிக்கு அதிகத் திறமை என்ற எண்ணம் விதிக்குள் நுழைந்தது இப்படித்தான்.

2000-ல் வந்த பெரிய மாற்றம்

1997-ல் இந்த விளையாட்டை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வாங்கியது. மூன்றாம் பதிப்பு 2000-ல் வந்தது. அதைத் திருத்திய 3.5 பதிப்பு 2003-ல் வந்தது. ‘ஸ்கில் பாயின்ட்’ என்ற கணக்கு தொடங்கியது இங்கேதான்.

ஒவ்வொரு லெவலிலும் கேரக்டருக்குக் குறிப்பிட்ட ஸ்கில் பாயின்ட் கிடைக்கும். கேரக்டரின் தொழிலுக்கு ஒரு அடிப்படை எண் உண்டு. அதோடு இன்டெலிஜென்ஸ் மாடிஃபையர் சேரும். முதல் லெவலில் மட்டும் இந்தத் தொகை நான்கு மடங்கு. எவ்வளவு மந்தமான கேரக்டராக இருந்தாலும் லெவலுக்குக் குறைந்தது 1 பாயின்ட் உண்டு.

சண்டைக்காரரான ஃபைட்டருக்கும் மந்திரவாதியான விசார்டுக்கும் அடிப்படை எண் 2. திருட்டு, உளவு வேலைகளில் கைதேர்ந்த ரோகுக்கு 8. ஆக, இன்டெலிஜென்ஸ் 16 உள்ள விசார்டுக்கு லெவலுக்கு 5 பாயின்ட்தான். சராசரி 10 உள்ள ரோகுக்கோ 8 பாயின்ட். பல வேலைகளைக் கற்றுக்கொள்ள புத்தியை விட தொழில்தான் அதிகம் உதவும் என்று இந்த விதி சொல்கிறது.

3.5 விதி: அரியர்ஸ் கிடையாது

சம்பளம் உயர்ந்தால் அலுவலகத்தில் முதலில் வரும் கேள்வி, ‘அரியர்ஸ் உண்டா?’ என்பதுதான். முன்தேதியிட்டு உயர்வு என்றால் பழைய மாதங்களுக்கும் சேர்த்துப் பணம் வரும். இல்லையென்றால் இந்த மாதத்தில் இருந்துதான்.

3.5 பதிப்பின் பதில் தெளிவு. இன்டெலிஜென்ஸ் உயர்ந்தால், இனி வரும் லெவல்களுக்குத்தான் கூடுதல் பாயின்ட். கடந்துபோன லெவல்களுக்குக் கிடையாது.

ஒரு எடுத்துக்காட்டு. எல்ஃப் இனத்து விசார்ட் ஒருவர் இன்டெலிஜென்ஸ் 16-ல் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பதிப்பில் நான்கு லெவலுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு குணத்தை ஒரு புள்ளி உயர்த்தலாம். 4-வது லெவலில் 17 ஆகிறது. மாடிஃபையர் +3-லேயே நிற்கும், பாயின்டில் மாற்றம் இல்லை. 8-வது லெவலில் 18 ஆகிறது. இப்போது +4.

• 1-வது லெவல்: (2 + 3) × 4 = 20
• 2 முதல் 7 வரை ஆறு லெவல்கள்: 5 × 6 = 30
• 8-வது லெவல்: 2 + 4 = 6
• மொத்தம்: 56

இதே கேரக்டர் ஆரம்பத்திலேயே 18-ஓடு தொடங்கியிருந்தால்? முதல் லெவலில் 24, அடுத்த ஏழு லெவல்களில் 42, மொத்தம் 66. இருவருக்கும் இப்போது ஒரே லெவல், ஒரே இன்டெலிஜென்ஸ். ஆனால் வித்தியாசம் 10 பாயின்ட். அந்த லெவலில் தன் தொழில் சார்ந்த ஒரு ஸ்கில்லை உச்சத்துக்குக் கொண்டுபோக 11 பாயின்ட் போதும். அதாவது கிட்டத்தட்ட ஒரு முழுத் திறமையே இடிக்கிறது.

ஏன் இப்படி? நியாயம் இருக்கிறதா?

இருக்கிறது. இந்த விதியின்படி இன்டெலிஜென்ஸ் என்பது கற்கும் வேகம். வேகம் இன்று கூடியது என்பதற்காக, நேற்று போகாத தூரத்தைப் போனதாகச் சொல்ல முடியாது. பத்து வருஷம் முன்பு வகுப்பில் புரியாமல் போன பாடம், இன்று மூளை கூர்மையானதால் மட்டும் தெரிந்ததாகிவிடாது. இனிமேல் படித்தால் சீக்கிரம் ஏறும், அவ்வளவுதான்.

உளவியலிலும் இதற்கு நெருக்கமான ஒரு பிரிவு உண்டு. உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் 1940-களில் நுண்ணறிவை இரண்டாகப் பிரித்தார். புதுச் சிக்கலைப் பார்த்தவுடன் யோசித்துத் தீர்க்கும் திறன் ஒன்று. படித்தும் பழகியும் சேர்த்துவைத்த அறிவு இன்னொன்று. பிறகு ஜான் ஹார்னும் அவருமாகச் சேர்ந்து 1960-களில் இதை விரித்து எழுதினார்கள். முதல் வகை இளமையில் உச்சத்தைத் தொட்டு மெல்லக் குறையும். இரண்டாவது வகை வயதான பிறகும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.

3.5 விதியில் மாடிஃபையர் முதல் வகை மாதிரி. ஸ்கில் பாயின்ட் இரண்டாவது வகை மாதிரி. ஒன்று மாறினால் மற்றது உடனே மாற வேண்டியதில்லை. ஆனால் வயது விஷயத்தில் விளையாட்டு தாராளமாக இருக்கிறது. மனிதக் கேரக்டருக்கு 35, 53, 70 ஆகிய வயதுகளில் உடல் குணங்கள் இறங்கும். இன்டெலிஜென்ஸோ ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி ஏறும்!

தலைப்பட்டை, மந்திரம், புத்தகம்: மூன்றுக்கும் மூன்று கணக்கு

இன்டெலிஜென்ஸ் லெவலால் மட்டும் ஏறுவதில்லை. 3.5 பதிப்பில் இன்னும் மூன்று வழிகள் பிரபலம்.

‘ஹெட்பேண்ட் ஆஃப் இன்டெலெக்ட்’ என்ற தலைப்பட்டை: அணிந்திருக்கும் வரை +2, +4 அல்லது +6. ஸ்கில் சோதனைகளில் போனஸ் கிடைக்கும். ஆனால் லெவல் ஏறும்போது ஸ்கில் பாயின்டைக் கணக்கிட, பட்டை இல்லாத சொந்த இன்டெலிஜென்ஸைத்தான் எடுக்க வேண்டும்.

‘ஃபாக்ஸஸ் கன்னிங்’ என்ற மந்திரம்: +4 கிடைக்கும். மந்திரம் போடுபவரின் லெவலுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில்தான் நீடிக்கும். இதிலும் ஸ்கில் பாயின்ட் கிடையாது.

‘டோம் ஆஃப் கிளியர் தாட்’ என்ற புத்தகம்: குறைந்தது ஆறு நாட்களில், மொத்தம் 48 மணி நேரம் படிக்க வேண்டும். படித்து முடித்தால் இன்டெலிஜென்ஸ் 1 முதல் 5 வரை நிரந்தரமாக உயரும். இது சொந்த புத்தியாகவே ஆகிவிடுவதால் அடுத்த லெவலில் இருந்து ஸ்கில் பாயின்டும் கூடும்.

பட்டைக்கு ஏன் இந்தக் கறார்? பட்டையைக் கழற்றலாம், மாற்றலாம். லெவல் ஏறும் நேரத்தில் மட்டும் ஒருவர் போட்டுக்கொண்டு பாயின்டை வாங்கிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடலாம். நான்கு பேர் ஒரே பட்டையைச் சுற்றவிட்டு நான்கு பேருமே கூடுதல் பாயின்ட் சேர்த்துவிடுவார்கள். அந்த ஓட்டையை விதி அடைத்துவிட்டது.

பாத்ஃபைண்டர்: அரியர்ஸ் முழுசாக உண்டு

3.5 விதிகளை அடிப்படையாக வைத்து பைஸோ நிறுவனம் 2009-ல் வெளியிட்ட விளையாட்டு பாத்ஃபைண்டர். அது நேர் எதிர் முடிவை எடுத்தது. முதல் லெவலின் நான்கு மடங்கு கணக்கை நீக்கியது. நிரந்தரமாக இன்டெலிஜென்ஸ் உயர்ந்தால், கடந்த லெவல்களுக்கும் சேர்த்து ஸ்கில் பாயின்ட் என்றது.

அதே விசார்ட், அதே எண்கள். மற்ற போனஸ்களை விட்டுவிட்டுப் பார்த்தால், 7-வது லெவலில் 5 × 7 = 35. 8-வது லெவலில் இன்டெலிஜென்ஸ் 18 ஆனதும் 6 × 8 = 48. ஒரே லெவலில் 13 பாயின்ட்! அதில் 6 அந்த லெவலுக்கானது, 7 பழைய பாக்கி.

நேற்று வரை கடல் பயணம் பற்றி ஒன்றும் தெரியாதவர், இன்று அனுபவசாலி மாலுமி ஆகிவிடலாம். கதைக்கு இது கொஞ்சம் உதைக்கும். ஆனால் கணக்குக்குப் பெரிய நிம்மதி. எந்த லெவலில் எந்த எண் இருந்தது என்று பழைய கதையைக் கிளற வேண்டாம். இப்போதைய எண்ணை லெவலால் பெருக்கினால் போதும். 12-வது லெவல் வில்லன் ஒருவரை அவசரமாக உருவாக்க வேண்டிய டன்ஜன் மாஸ்டருக்கு இதன் அருமை தெரியும். 3.5 விதியில் அவர் பன்னிரண்டு லெவல்களையும் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது.

தலைப்பட்டைக்கும் பாத்ஃபைண்டர் ஒரு வழி கண்டுபிடித்தது. பட்டையை 24 மணி நேரம் அணிந்த பிறகுதான் நிரந்தர உயர்வு போலக் கணக்கு. அது தரும் ஸ்கில் எது என்பது பட்டையைச் செய்யும்போதே அதில் பதிந்துவிடும். ஒவ்வொரு +2-க்கும் ஒரு ஸ்கில். அணிபவர் தன் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்க முடியாது. கழற்றினால் அந்த ஸ்கில்லும் போய்விடும். அதாவது அறிவு இருப்பது பட்டைக்குள். அணிபவர் அதை இரவல் வாங்குகிறார்.

2019-ல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு இன்னும் சுருக்கியது. பாயின்ட் கணக்கே இல்லை. பயிற்சி உண்டா, இல்லையா, உண்டென்றால் எந்தத் தரம் என்பதுதான். இன்டெலிஜென்ஸ் மாடிஃபையர் ஒன்று கூடினால் புதிதாக ஒரு திறமையில் பயிற்சியும் ஒரு மொழியும் கிடைக்கும். பயிற்சி பெற்ற திறமையோடு கேரக்டரின் லெவலும் சேர்வதால், 10-வது லெவலில் புதிதாகக் கற்றதும் உடனே 12 என்ற போனஸோடு தொடங்கும். ஆனால் அது பயிற்சியின் முதல் தரம்தான். மேல் தரங்களுக்கு இன்டெலிஜென்ஸ் உதவாது, லெவல் ஏறித்தான் சம்பாதிக்க வேண்டும்.

இன்றைய டி அண்ட் டி: எண்ணிக்கையோடு தொடர்பே இல்லை

2008-ல் வந்த நான்காம் பதிப்பு, இன்டெலிஜென்ஸுக்கும் ஸ்கில் எண்ணிக்கைக்கும் இருந்த தொடர்பை வெட்டிவிட்டது. 2014-ன் ஐந்தாம் பதிப்பும், 2024-ல் வந்த அதன் திருத்தமும் அதே வழியில் போகின்றன. கேரக்டரின் தொழிலும் பின்னணியும்தான் எத்தனை ஸ்கில் என்று சொல்லும். இன்டெலிஜென்ஸ் 8 ஆனாலும் 18 ஆனாலும் எண்ணிக்கை அதேதான்.

மாறுவது போனஸ் மட்டும். மந்திர அறிவு, வரலாறு, துப்பறிதல், இயற்கை, மதம் ஆகிய ஐந்து ஸ்கில்கள் இன்டெலிஜென்ஸைச் சார்ந்தவை. இதோடு அனுபவத்துக்கான போனஸ் ஒன்று சேரும். முதல் லெவலில் +2-ல் தொடங்கி, 17-வது லெவலில் +6 ஆகும்.

இதனால் ஒரு சுவாரசியமான சமநிலை வருகிறது. இன்டெலிஜென்ஸ் 16 உள்ள முதல் லெவல் விசார்ட் வரலாறு படித்திருந்தால் போனஸ் 2 + 3 = 5. இன்டெலிஜென்ஸ் 8 உள்ள 17-வது லெவல் ஃபைட்டருக்கும் அந்த ஸ்கில் இருந்தால் 6 - 1 = 5. கல்லூரி விட்டு வந்த கெட்டிக்காரரும், ஊர் ஊராகச் சண்டை போட்டுத் திரிந்த பழுத்த வீரரும் ஒரே நிலை!

இந்தப் பதிப்பில் தலைப்பட்டை வேறு மாதிரி. கூட்டுவதற்குப் பதிலாக, இன்டெலிஜென்ஸை நேராக 19 ஆக்கிவிடும். ஏற்கெனவே 19 அல்லது அதற்கு மேல் இருந்தால் பயனில்லை. இதே விதிகளை வைத்து 2023-ல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ வீடியோ கேமிலும் இப்படி ஒரு பட்டை உண்டு, அங்கே 17. லம்ப் என்ற ராட்சதன் அதை அணிந்துகொண்டு நாகரிகமாகப் பேசுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

அப்படியானால் கற்கும் வேகம் என்ற எண்ணம் போயே போய்விட்டதா? இல்லை. 2017-ல் வந்த துணை விதிப்புத்தகம் ஒன்றில் அது திரும்பி வந்தது. ஒரு மொழியையோ தொழில் கருவியையோ ஆசிரியரிடம் கற்க பத்து வாரம் ஆகும். இன்டெலிஜென்ஸ் மாடிஃபையர் எத்தனையோ அத்தனை வாரம் குறையும். 18 உள்ளவர் ஆறே வாரத்தில் முடித்துவிடுவார். புத்தி கூடியதும் திறமை தானாக வராது. ஆனால் உட்கார்ந்து படித்தால் சீக்கிரம் வரும்.

மற்ற விளையாட்டுகளில் எப்படி?

1986-ல் ஸ்டீவ் ஜாக்சன் வெளியிட்ட ‘கர்ப்ஸ்’ விளையாட்டில் ஐக்யூ என்ற குணம் உண்டு. அறிவு சார்ந்த ஸ்கில்கள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கும். ஐக்யூ ஒன்று ஏறினால் அத்தனை ஸ்கில்லும் ஒரே நேரத்தில் ஒன்று ஏறும். அடித்தளத்தை உயர்த்தினால் மாடிகளும் உயர்வது மாதிரி.

இதில் ஒரு சிக்கல். 2004-ல் வந்த நான்காம் பதிப்பில் ஐக்யூ ஒரு படி ஏற 20 புள்ளி விலை. ஓரளவு வளர்ந்த ஒரு ஸ்கில்லை ஒரு படி ஏற்ற 4 புள்ளி. ஆக, அப்படி ஐந்து ஸ்கில் வைத்திருந்தால் இரண்டும் ஒரே விலை. ஐந்துக்கு மேல் போனால் படிப்பதை விட புத்தியை வாங்குவதுதான் மலிவு!

1981-ல் வந்த ‘கால் ஆஃப் கதுல்ஹு’ திகில் விளையாட்டோ படிப்பையும் புத்தியையும் தனித்தனி எண்ணாகவே வைத்துவிட்டது. தொழில் திறமைகளுக்குப் படிப்பு கைகொடுக்கும். பொழுதுபோக்குத் திறமைகளுக்கு மட்டும் இன்டெலிஜென்ஸ். அதுவும் கேரக்டரை உருவாக்கும்போது ஒருமுறைதான். பிறகு ஸ்கில் வளர்வது பெரும்பாலும் பயன்படுத்துவதால்தான்.

இங்கே புத்திக்கு ஒரு விலையும் உண்டு. பயங்கரமான ஒன்றைப் பார்த்து ஒரே அடியில் மனநிலைப் புள்ளி ஐந்தோ அதற்கு மேலோ போனால், இன்டெலிஜென்ஸ் சோதனை வைப்பார்கள். அதில் தோற்றால் தப்பித்தார், பார்த்தது மனதில் பதியவில்லை. ஜெயித்தால் பார்த்தது முழுசாகப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதுதான் புத்தி பேதலிக்கும்.

இன்டெலிஜென்ஸ் இறங்கினால் கற்றது போய்விடுமா?

ஏறுவதை விட இறங்குவதில்தான் மனஸ்தாபம் அதிகம். ஆசையாக வளர்த்த கேரக்டர் ஆயிற்றே.

3.5 பதிப்பில் ஏற்கெனவே செலவு செய்த ஸ்கில் பாயின்ட் அப்படியே இருக்கும். போனஸ் மட்டும் குறையும். வரலாறு படித்தவருக்கு வரலாறு தெரியும், ஆனால் நினைவுக்குக் கொண்டுவரத் திணறுவார். தற்காலிக பாதிப்பு என்றால் நாளுக்கு ஒரு புள்ளி வீதம் தானாகத் தேறும். எண் பூஜ்யத்தைத் தொட்டால் கேரக்டர் கோமா மாதிரியான நிலைக்குப் போய்விடும்.

பாத்ஃபைண்டர் முதல் பதிப்பு இதை இரண்டாகப் பிரித்தது. தற்காலிக பாதிப்பில் எண் குறையாது, ஒவ்வொரு இரண்டு புள்ளிக்கும் சோதனைகளில் -1 மட்டும். நிரந்தர இழப்பு என்றால் எண்ணே குறையும், ஸ்கில் பாயின்டும் திரும்பப் போகலாம். முன்தேதியிட்டுக் கொடுத்தது, முன்தேதியிட்டே பிடித்தம் ஆகிறது. எதை விட்டுக்கொடுப்பது என்ற தலைவலி இங்கே வரும். கடைசியாகக் கற்றது முதலில் போகட்டும் என்று வைத்துக்கொண்டால் எளிது.

எல்லாவற்றிலும் கடுமையானது ‘ஃபீபிள்மைண்ட்’ மந்திரம். இன்டெலிஜென்ஸும் கரிஸ்மாவும் ஒரே அடியில் 1 ஆகிவிடும். மந்திரம் போட முடியாது, மொழி புரியாது, தெளிவாகப் பேச வராது. ஆனால் 3.5-லும் ஐந்தாம் பதிப்பிலும் ஒரு விஷயம் மாறவில்லை. பாதிக்கப்பட்ட கேரக்டருக்குத் தன் நண்பர்கள் யார் என்று தெரியும். அவர்கள் பின்னால் போகும், அவர்களைக் காப்பாற்றவும் செய்யும். அறிவும் பாசமும் ஒன்றல்ல என்று விதியே எழுதிவைத்திருக்கிறது.

ஐந்தாம் பதிப்பில் இதிலிருந்து மீள 30 நாளுக்கு ஒருமுறைதான் வாய்ப்பு. கிரேட்டர் ரெஸ்டோரேஷன், ஹீல், விஷ் ஆகிய மந்திரங்களில் ஒன்று கிடைத்தால் உடனே குணமாகலாம். அதுவரை அந்த ஆட்டக்காரர் மேசையில் சும்மா உட்கார்ந்திருக்கும் நிலை வரக் கூடாது. ‘நண்பர்களைக் காப்பாற்றும்’ என்ற அந்த ஒரு வரி, அவருக்குச் செய்ய ஒரு வேலையைத் தருகிறது. அதைக் கேலிக்கூத்தாக ஆக்காமல் விளையாடினால், பல நேரம் அதுவே கதையின் நல்ல பகுதியாகிவிடும்.

ஆட்டம் தொடங்கும் முன் பேசிவைக்க வேண்டியவை

எந்த விளையாட்டானாலும், சண்டை வராமல் இருக்க ஐந்து கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் வைத்துக்கொள்வது நல்லது.

1. பழைய லெவல்களுக்குப் பாயின்ட் உண்டா, இல்லையா? உண்டு என்றால் எல்லோருக்கும் உண்டு. நடு ஆட்டத்தில் விதியை மாற்றினால், முன்பே இன்டெலிஜென்ஸில் முதலீடு செய்தவருக்கு நஷ்டம்.

2. நிரந்தர உயர்வு எது, இரவல் எது? லெவல், புத்தகம் ஒரு பக்கம். பட்டை, மந்திரம் இன்னொரு பக்கம்.

3. புதுத் திறமை எப்படி வந்தது என்று கதையில் காரணம் வேண்டுமா? ‘இத்தனை நாள் கப்பலில் கவனித்தது இப்போதுதான் விளங்கியது’ என்ற ஒரு வரி போதும். அரியர்ஸ் விதியைக் கதையோடு பொருத்த இதுதான் சுலபமான வழி.

4. இன்டெலிஜென்ஸ் இறங்கினால் எந்த ஸ்கில் போகும்? அதை ஆட்டக்காரர் தேர்ந்தெடுப்பாரா, டன்ஜன் மாஸ்டரா?

5. ஆட்டக்காரரை விட கேரக்டர் புத்திசாலி என்றால் என்ன செய்வது? 18 உள்ள விசார்டை விளையாடுபவர் புதிரை விடுவிக்க முடியாமல் திணறினால், பகடைச் சோதனை வைத்து டன்ஜன் மாஸ்டர் ஒரு துப்பு கொடுக்கலாம். வலிமை 18 உள்ள கேரக்டருக்காக யாரும் ஆட்டக்காரரை மேசையைத் தூக்கச் சொல்வதில்லையே.

கடைசியாக ஒரு நடைமுறை யோசனை. கேரக்டர் தாளின் பின்பக்கத்தில் லெவல் வாரியாக இரண்டு எண்களைக் குறித்துவையுங்கள்: அந்த லெவலில் இருந்த இன்டெலிஜென்ஸ், அப்போது கிடைத்த ஸ்கில் பாயின்ட். பட்டையால் வந்ததைத் தனி வரியில் பென்சிலால் எழுதுங்கள். பட்டை தொலைந்தாலும், சாபம் விழுந்தாலும், எது சொந்தம் எது இரவல் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.